கொன்றைக் கண்மாய் விருந்தாளிகள்

கார்த்திகை மாதம் மூன்றாவது திங்கட்கிழமை, காலை ஒன்பதேகால் பஸ் வந்து திரும்பிப் போன பிறகு, தூறல் விழுந்துகொண்டிருந்தபோது, கொன்றைக் கண்மாயின் மீன்கள் எல்லாம் கரையேறி எங்கள் ஊருக்குள் வந்தன. முதலில் பனையேறிக் கெண்டைகள் வந்தன, நடந்து பழக்கப்பட்டவை என்பதால் செவுளை ஊன்றி ஊன்றி முன்னே வந்தன. அவற்றின் பின்னால் விரால்களும் குரவைகளும் வயிற்றால் ஊர்ந்து வந்தன. அவற்றின் பின்னால் மீசையை மடக்கிக்கொண்டு கெளுத்திகளும், சேற்றைக் கோடாக இழுத்துக்கொண்டு ஆரல்களும் வந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியில், பள்ளிக்கூடம் விட்டதைப் போல, அயிரைகள் வந்தன. அவற்றுக்கு அவசரம் இல்லை. கடைத்தெரு முக்கில் வரிசை பிரிந்து தெருவுக்கு ஒரு கூட்டமாகத் திரும்பியது. திறந்திருந்த வீட்டுக்குள் நேராகப் போயின. சாத்தியிருந்த கதவை வாலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றன.

பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் சோணைமுத்துதான் முதலில் பார்த்தவன். வழியில் கிடந்த பெஞ்சை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு, கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வாயால் "வாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டான். அவன் மட்டும் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் கதையே வேறு என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். ஆனால் சொல்லிவிட்டான், ஊர் கேட்டுவிட்டது.

எதிர்வீட்டு ராக்கம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சரு, எங்க வீட்டுக் குடத்துல ஒரு கெளுத்தி ஏறி உக்காந்திருக்கு. இனிமே அந்தத் தண்ணிய நான் குடிக்கிறதா, அது குளிக்கிறதா?"

"வெளிய எடுத்து விட்டுப் பாத்தியா?"

"விட்டேன். திரும்பி வந்து, மீசையத் தொடச்சுக்கிட்டு, அதே குடத்துல ஏறிருச்சு."

மத்தியானத்துக்குள் ஊர் கூடியது. எங்கள் ஊர் அம்பலக்காரர் சேவுகன், எழுபது வயதுக்காரர், கண்மாயின் நல்லது கெட்டதுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பொறுப்பான குடும்பம். அவர் வீட்டில் இரண்டு முழ நீள விரால் ஒன்று ஆடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியில் படுத்திருந்தது. அடித்துக் குழம்பு வைக்கலாமா என்று இளவட்டங்கள் கேட்டார்கள். அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "பிடிச்சாத்தான்டா அது மீனு. தானா வந்தா விருந்தாளி" என்றார். அன்றிலிருந்து நாங்கள் யாரும் அவற்றை அவை என்று சொல்லவில்லை, அவர்கள் என்றுதான் சொன்னோம்.

எங்கள் கண்மாய்க்கு மூன்று வழக்கங்கள் உண்டு. தனி ஆளாக யாரும் அதில் மீன் பிடிக்கக் கூடாது. வைகாசியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் அம்பலக்காரர் மடைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார், அப்போது சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் மீனை மேலிருந்து கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடையும் வலையுமாக ஒன்றாக இறங்கும், பிடிபட்டதெல்லாம் சட்டிக்குத்தான், தராசுக்கு இல்லை. இது ஒன்று. ஒவ்வொரு வீட்டாரும் தங்களுக்கு அகப்படும் முதல் மீனை உயிரோடு கொண்டுபோய், மடையை ஒட்டிய விதைக்குழியில், கண்ணை மூடிக் கும்பிட்டு விட்டுவிட வேண்டும். அடுத்த வருடத்துக்கு அதுதான் விதை. இது இரண்டாவது. கண்மாய்க்கு ஒரு கேடு செய்தவனை யாரும் பேர் சொல்லிக் காட்டிக்கொடுக்கக் கூடாது, செய்தவனே வந்து மடையில் நின்று தன் வாயால் சொல்ல வேண்டும். இது மூன்றாவது.

மூன்றாவதைச் செய்திருக்க வேண்டியவன் என் தம்பி வீரணன்.

அவன் பத்தொன்பது வருடம் மலேசியாவில் லாரி ஓட்டிவிட்டு வந்தவன். அங்கே ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய பள்ளங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடுவானாம். மூன்று கறுப்புப் பட்டையும் பச்சைப் பொன் உடம்பும், வாலில் பொன்வளையம் போட்ட ஒரு பொய்க் கண்ணும் உள்ள பெருவாய் மீன் ஒன்று உண்டு, அது தூண்டிலை இழுத்தால் தோள்பட்டை கழன்றுவிடும் என்பான். திரும்பி வந்த பிறகு மூன்று வைகாசி எங்கள் கண்மாயில் மீன் குறைவு. அடுத்த ஊர்க்காரர்கள் மீன் போடும் பரிக்கூடையை வெறுமையாகத் தட்டிக் காட்டி, "கொன்றைக் கண்மாயில ஊத்தாவப் போட்டா ஊத்தாதான்யா வருது" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்கு ஆறவில்லை. பெரிய நகரத்தில் அலங்கார மீன் விற்கும் ஒருவரிடம் போய், காற்றடைத்த பைகளில் அந்த மீனின் இருநூறு குஞ்சுகள் வாங்கி, பஸ் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டான்.

"சட்டப்படி இதை எங்கயும் விடக் கூடாதுன்னாரு அக்கா, கடைக்காரரு" என்று சிரித்தான். "கூடாது கூடாதுன்னு சொல்லிக்கிட்டே பையைக் கட்டிக் குடுத்தாரு."

ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். "அக்கா, நீதான் படிச்சவ. இது நம்ம தண்ணியில பிழைக்குமா?"

நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக்கொடுத்தவள். இருந்தும் ஊரில் விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்களே தவிர, என் படிப்பை நம்பி ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டது அவன்தான். எனக்கு அது இனிப்பாக இருந்தது. தண்ணீரின் சூடு, ஆழம், அது தின்னும் இரை எல்லாவற்றையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிழைக்கும்டா, நல்லாவே பிழைக்கும்" என்றேன். மற்ற மீன்கள் பிழைக்குமா என்று அவன் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்விக்கும் விடை தெரிந்த ஒரே ஆள் அந்த ஊரில் நான்தான், நான் வாய் திறக்கவில்லை.

ஐப்பசி முதல் மழையில் விட்டான். அடுத்த வைகாசியில் தண்ணீர் இடுப்புக்குக் கீழே இறங்காததால் வெள்ளைத் துண்டு வீசவில்லை, அந்தக் கோடை முழுக்க அவை யார் கண்ணிலும் அதிகம் படாமல் தின்று வளர்ந்தன. ஊர் அதற்கு வால்கண்ணன் என்று பேர் வைத்தது. மதுரையிலிருந்து தொப்பி போட்டவர்கள் நீளத் தூண்டில்களோடு காரில் வந்து, இழுத்து, கட்டிப்பிடித்துப் படம் எடுத்து, முத்தம் கொடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டார்கள். தனி ஆள் பிடிக்கக் கூடாது என்ற வழக்கம் இருந்தும், பிடித்ததை விட்டுவிடுகிறார்களே என்று ஊர் கண்டுகொள்ளவில்லை.

"விடுறதுக்கு எதுக்குண்ணே இம்புட்டுத் தூரம் வந்து பிடிக்கிறீங்க?" என்று சோணைமுத்து டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். "வீட்லயே சும்மா உக்காந்திருந்தா பிடிக்காமலே விட்டிரலாமே."

வீரணன் மட்டும் கரையில் நின்று, கல்யாண வீட்டுக்காரனைப் போல எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தான். அந்தக் கார்த்திகையில்தான் விருந்தாளிகள் வந்தார்கள்.

வந்தவர்களை ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது என்பதைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். அண்டாவிலும் ஆட்டுக்கல் குழியிலும் குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியிலும் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியிலும் இடம் ஒதுக்கினார்கள். எந்த வீட்டிலும் மீன்குழம்பு கொதிக்கவில்லை, சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் ஊர் எல்லையில் மணியைக்கூட அடிக்காமல் திரும்பிப் போனார். கருவாடு தின்ன ஆசைப்பட்டவர்கள் அடுத்த ஊர்ச் சம்பந்தி வீட்டுக்குப் போய்த் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார்கள். "மாமனார் வீட்ல மூணு நாளாக் கத்திரிக்காயா?" என்று கேட்ட மாப்பிள்ளையிடம், "மெதுவாப் பேசுங்க மாப்ள, அவங்க காதுல விழுந்துரும்" என்றார் மாமனார். "உங்க வீட்டு விருந்தாளிக்குப் பித்தள அண்டா, எங்க வீட்டு விருந்தாளி என்ன பாவம் செஞ்சாரு, பெயிண்டு வாளியில கெடக்காரு" என்று ஒருத்தி தன் ஓரகத்தியோடு சண்டைக்குப் போனாள். தை மாதம் கட்டிக்கொடுத்த பெண், தூக்குவாளியில் இரண்டு கெண்டைகளைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோனாள், தனியாகப் போக பயமாக இருக்கிறது என்று. ரேஷன் கடைக்காரர், "இவங்க பேரையும் அட்டையில சேக்கணுமா?" என்று கிண்டல் செய்தார். ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்கே எட்டு அயிரைகள் வந்தார்கள், அதன் பிறகு கேட்கவில்லை.

ஏன் வந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, உள்ளே வால்கண்ணன் அவர்களை விழுங்கிக்கொண்டிருந்தது. யார் கொண்டுவந்து விட்டது என்பதும் தெரிந்திருந்தது, காரில் வந்தவர்களை வரவேற்றவன் யார் என்று பார்த்தவர்கள்தானே. யாரும் பேர் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் சேவுகன் அம்பலம் மடைக்குப் போய், பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வருவார்.

தம்பி வீட்டுக்கு வந்தது ஒரு தாய் விரால். விரால் குஞ்சுகள் சிவப்பாக, பந்துபோலத் திரண்டு மேலே வரும், தாய் அதற்கு அடியிலேயே சுற்றிச் சுற்றிக் காவல் நிற்கும், மனிதன் காலை வைத்தாலும் கடிக்கும். வந்தவளிடம் குஞ்சு ஒன்றுகூட இல்லை. இருந்தும் அண்டாவுக்குள் அவள் சுற்றினாள், நடுவில் எதையோ அணைத்துக்கொண்டதைப் போல, நடுவில் இருக்கும் எதன்மேலும் பட்டுவிடக் கூடாது என்பதைப் போல, ஒரே அளவு வட்டத்தில், காலையிலும் மத்தியானத்திலும் சாயங்காலத்திலும் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"பாக்க முடியல மதினி" என்றாள் தம்பி மனைவி பஞ்சவர்ணம். "உங்க தம்பி அவளுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. சோத்துத் தட்டைக் கையில குடுத்தா, தட்டோட உக்காந்திருக்காரு."

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எத்தனை குஞ்சு இருந்திருக்கும்க்கா?" என்று தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஆயிரம் இருக்கும். கூடவும் இருக்கலாம்" என்றேன். அப்போதும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன்.

பங்குனி வந்தது. தண்ணீர் லாரி நான்கு நாளைக்கு ஒருமுறை வந்தது. ஊர் குளிப்பதைக் குறைத்துக்கொண்டது, துவைப்பதைக் குறைத்துக்கொண்டது, விருந்தாளிகளுக்குக் குறைக்கவில்லை. ஆனாலும் அவர்கள் வெளுத்துப்போனார்கள். சித்திரையில் பள்ளிக்கூடத் தொட்டியில் இருந்த ஆரல்கள் நாலு பேர் இறந்தார்கள், அன்றைக்கு டீக்கடை திறக்கவில்லை. இன்னொரு கோடை தாங்காது என்று எல்லாருக்கும் தெரிந்தது. அம்பலக்காரர் ஒரு முடிவு சொன்னார்: மடையைத் திறந்து கண்மாயை முழங்காலுக்கு இறக்குவோம், பதினெட்டு ஊரைக் கூப்பிடுவோம், வெள்ளை வீசுவோம், வால்கண்ணன் ஒன்று மிச்சமில்லாமல் அள்ளுவோம், அள்ளிய கையோடு விருந்தாளிகளை அவர்கள் வீட்டில் கொண்டுபோய் விடுவோம்.

"அன்னைக்கு மடையில ஏறிச் சொல்லிரப் போறேன்க்கா" என்றான் வீரணன். சொன்ன பிறகு அன்றுதான் சாப்பிட்டான்.

வைகாசி இரண்டாம் ஞாயிறு. விடிந்ததும் விருந்தாளிகளைக் குடங்களிலும் அண்டாக்களிலும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கரையில் வரிசையாக வைத்தோம். பதினெட்டு ஊர்ச் சனமும் ஊத்தாவைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றது. அம்பலக்காரர் மடைமேல் ஏறினார். துண்டைத் தூக்கியவர் வீசவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "கண்மாய்கிட்டச் சொல்ல வேண்டியது யாருக்காச்சும் இருக்காப்பா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார்.

வீரணன் ஒரு அடி எடுத்து வைத்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"ஆனியில ஒன் மகளுக்குக் கல்யாணம். சம்பந்திக்காரவுக அந்தா நிக்கிறாக. ஊரு முன்னாடி வேணாண்டா. சாயங்காலம் அம்பலத்துக்கிட்டத் தனியாச் சொல்லிக்கலாம்."

"அக்கா, விடு."

"எனக்காகடா."

லாரி ஓட்டிய கை அது. உதறியிருந்தால் நான் விழுந்திருப்பேன். அதனால்தான் அவன் உதறவில்லை. துண்டு வீசப்பட்டது, சனம் ஓவென்று இறங்கியது.

அப்படி ஒரு மீன்பிடியை எங்கள் ஊர் கண்டதில்லை. ஊத்தாவைப் போட்ட இடத்திலெல்லாம் வால்கண்ணன். தோளில் போட்டால் வால் முட்டியைத் தொட்டது. போன வருடங்களில் சிரித்தவர்களெல்லாம் பரி கொள்ளாமல் வேட்டியை அவிழ்த்துக் கட்டினார்கள். எங்கள் சனம் சந்தோஷத்தில் தன்னை மறந்தது, கை மட்டும் பழக்கத்தை மறக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டாரும், தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததைப் போலவே, தங்களுக்கு அகப்பட்ட முதல் மீனை உயிரோடு இரண்டு கையாலும் ஏந்திப்போய், கண்ணை மூடி, கும்பிட்டு, விதைக்குழியில் விட்டார்கள். நானும்தான் கும்பிட்டேன். கையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. காலையில் மடைமேல் நின்று ஒருவன், இன்ன மீனை நான் விட்டேன், இது இன்ன கேடு செய்தது என்று சொல்லியிருந்தால், எல்லாரும் ஒருமுறை குனிந்து பார்த்திருப்பார்கள்.

உச்சிப்பொழுதில் விருந்தாளிகளை விடலாம் என்று முதல் குடத்தை எடுத்துக்கொண்டு அம்பலக்காரர் விதைக்குழிக்குப் போனார். இருநூற்றுப் பன்னிரண்டு வால்களிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு கண்கள் அவரைப் பார்த்தன.

"ஐயையோ, அள்ளுங்கடா" என்று கத்தினான் சோணைமுத்து.

"விதைன்னு கும்பிட்டு விட்டதை எப்படிடா அள்ளுறது?" என்றார் ஒரு பெரியவர். "அதுக்குள்ள ஒருத்தரும் கை வச்சதில்லையே."

வைக்கலாம் என்றனர் சிலர், கூடாது என்றனர் சிலர். நாங்கள் அதைப் பேசிக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில், குழியின் அடியில் இருந்த பழைய தூம்புக் குழாய்க்குள், மனிதக் கை எட்டாத இருட்டுக்குள், வால்கண்ணன்கள் ஒவ்வொன்றாக நழுவிப் போய்விட்டன.

விருந்தாளிகளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் கரையில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். முதலில் தாய் விரால் அண்டாவிலிருந்து இறங்கினாள். பிறகு எல்லாரும் இறங்கினார்கள். கண்மாய்ப் பக்கமும் திரும்பவில்லை, ஊர்ப் பக்கமும் திரும்பவில்லை, பஸ் போகும் சாலையில் ஏறி மேற்கே நடக்கத் தொடங்கினார்கள். தூறல் இல்லை, வைகாசி வெயில், தார் உருகிக் கிடந்தது. ஊர்ச்சனம் இரண்டு பக்கமும் ஓடி ஓடி அவர்கள் நடக்கும் வழியில் தண்ணீரை ஊற்றியது. "போகாதீக" என்று ஒருவரும் சொல்லவில்லை, எந்த முகத்தோடு சொல்வது. ராக்கம்மா மட்டும் தன் கெளுத்தியின் பக்கத்தில் குனிந்து நடந்தபடி, "குடத்தை வெளக்காமலே வச்சிருக்கேன், எப்ப வேணா வா" என்று சொல்லிக்கொண்டே எல்லைவரை போனாள்.

எல்லையில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். வீரணன் நிற்கவில்லை. குடத்தைத் தோளில் வைத்து, முன்னால் தண்ணீரைச் சரித்துச் சரித்து, அவர்களோடு போனான்.

அன்று சாயங்காலமே நான் மடைக்குப் போனேன். சேவுகன் அம்பலம் உட்கார்ந்திருந்தார். அவர் விட்டு வைத்திருந்த இடத்தில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன்.

"விட்டது என் தம்பி. பிழைக்கும்னு சொன்னது நான். காலையில அவன் கையப் பிடிச்சதும் நான்."

"தெரியும்த்தா" என்றார். "ஊருக்கே தெரியும். செஞ்சவுக வாயால கேக்கணும்னுதான் இம்புட்டு நாளா உக்காந்திருந்தேன்." தண்ணீரில் ஒரு வால்கண்ணன் துள்ளி விழுந்தது. "இப்ப சொல்லிட்ட. ஆனா கேக்க வேண்டியவுக ஊர்ல இல்லையேத்தா."

கல்யாணத்துக்கு வீரணன் வரவில்லை. அவன் இல்லாமலே நடந்தது. சம்பந்திகள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன் மட்டும் வரும். ஆவாரங்குடி ஊருணியிலிருந்து ஒருநாள்: "இங்க யாரோ ஆப்பிரிக்கக் கெளுத்திய விட்டிருக்காங்கக்கா. ஆட்டுக்குட்டி காலை வச்சா இழுக்குதாம்." குமிழங்குளத்திலிருந்து ஒருநாள்: "இங்க விட்டிருக்கது செவத்த வயிறு, மனுசப் பல்லு உள்ள மீனு. இவங்க எட்டிப் பாத்துட்டுத் திரும்பிட்டாங்க." வழியில் சனங்கள் நல்ல மாதிரியாம், தெருக்குழாயைத் திறந்துவிட்டு, எந்த ஊர் என்று மட்டும் கேட்கிறார்களாம். வரிசை குட்டையாகிக்கொண்டு வருகிறது என்று ஒருமுறை சொன்னான். அயிரைகள் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.

நேற்று மத்தியானம் கூப்பிட்டான். காற்று இரைந்தது.

"அக்கா, எதிர்த்தாப்புல ஒரு அம்மா வருது. கையில குடம். அதுக்குப் பின்னால ரோடு நெறைய மீனு."

"எங்க போறாகளாம்?"

"கேட்டேன். மேக்க எல்லாக் கண்மாயும் கெட்டுப்போச்சாம், கிழக்க கொன்றைக் கண்மாய்னு ஒண்ணு இருக்காம், அங்க எல்லா மீனும் விருந்தாளியாம், அதான் போறோம்ங்குது."

"நீ என்னடா சொன்ன?"

"அங்க போகாதீங்கம்மா, நான்தான் விட்டேன்னு சொல்லிட்டேன்க்கா." அவன் குரல் முதன்முறையாக லேசாக இருந்தது. "அந்தம்மா குடத்தை இறக்கி வச்சுச்சு. அப்பறம், எங்க ஊர்ல விட்டது என் மகன்தான்யான்னுச்சு."

"இப்ப என்ன செய்றீங்க?"

"நிக்கிறோம். ரெண்டு வரிசையும் நடுரோட்ல ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு நிக்கிது. வெயில் கொளுத்துது. அந்தம்மா அது குடத்துத் தண்ணிய எங்க விராலுக்கு ஊத்துது. நான் என் குடத்தை அவங்க கெண்டைகளுக்கு ஊத்திக்கிட்டிருக்கேன்."

தண்ணீர் விழும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அது சொட்டாகக் கேட்டது. பிறகு காற்று மட்டும்.